கரையேறியவர் நீட்டும் கை

1949-இல் அம்பத்தூரில் டி.ஐ. சைக்கிள் ஆலை வந்தது. 1961-இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை வந்தது. நான்கே ஆண்டில் அங்கிருந்து விஜயந்தா டாங்கி வெளியே வந்தது. 1964-இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை. பிறகு பூந்தமல்லி சாலை நெடுகப் பட்டறைகளும் கிடங்குகளும் சேர்ந்துகொண்டன. ஏரியும் வயலுமாகக் கிடந்த சென்னையின் மேற்குப் புறம் ஒரு தலைமுறைக்குள், ஷிப்டு நேரம் பார்த்து எழுந்து ஷிப்டு நேரம் பார்த்துப் படுக்கும் ஊர்களாகிவிட்டது.

அந்த வேலைகளுக்கு வெளியூர்களிலிருந்து ஏராளமானவர்கள் வந்தார்கள். பெட்டி படுக்கையைக் கொண்டுவந்தார்கள். சொந்தபந்தத்தைக் கொண்டுவர முடியவில்லை. தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடலாம். இரண்டாவது பிரசவத்தின்போது மூத்த பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவர ஆள் வேண்டுமே? நடுராத்திரியில் மாமனாருக்கு நெஞ்சுவலி என்றால், ஊரிலிருந்து மைத்துனர் வந்து சேர மறுநாள் மதியம் ஆகிவிடும். அதுவரை யார்? எதிர் குவார்ட்டர்ஸ் அக்கா வந்தார். அதே ஷிப்டில் நின்ற அண்ணன் வந்தார். மாடிவீட்டுப் பெரியம்மா வந்தார். இரத்த சம்பந்தம் இல்லாதவர்களை அக்கா, அண்ணன், பெரியம்மா என்று கூப்பிட்டே இந்த ஊர்கள் தங்களுக்கான உறவைக் கட்டிக்கொண்டன.

அதை நல்ல மனசு என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் கடந்த 60 ஆண்டுகளாக அறிவியல் அதைப் பற்றி மூன்று கேள்விகளைத் துருவிக் கேட்டிருக்கிறது. பெரிய திருப்பத்தில் ஒருவர் கூட நிற்பது உடம்புக்குள் என்ன செய்கிறது? யார் நின்றால் அதிகம் உதவும்? எத்தனை நாள் நிற்க வேண்டும்? கிடைத்த விடைகள் ஒவ்வொரு தெருவுக்கும் வேண்டியவை.

திருப்பங்களுக்கு ஒரு மதிப்பெண் பட்டியல்

1967-இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரு அமெரிக்க மனநல ஆய்வாளர்கள் வாழ்க்கை நிகழ்வுகளுக்கு மதிப்பெண் போட்டார்கள். 43 நிகழ்வுகள். வாழ்க்கைத் துணையின் மரணத்துக்கு 100. திருமணத்துக்கு 50, வேலை பறிபோவதற்கு 47, பணி ஓய்வுக்கு 45, கர்ப்பத்துக்கு 40, வீடு மாறுவதற்கு 20. ஓராண்டில் ஒருவருக்கு இந்த எண்கள் கூடக் கூட, அடுத்து நோய் வரும் வாய்ப்பும் கூடும் என்பது அவர்கள் கணிப்பு.

பட்டியலில் துக்கத்தோடு மகிழ்ச்சியும் இடம்பெற்றிருந்தது பலருக்கு வியப்பாக இருந்தது. நமக்கு அதில் வியப்பில்லை. வீட்டைக் கட்டிப்பார், கல்யாணம் பண்ணிப்பார் என்று சொன்னவர்கள் நம் பாட்டனார்கள்தான். நல்லதோ கெட்டதோ, பழகிய வாழ்க்கை கலைந்து புதிதாக அடுக்கப்படும்போது உடம்பு அதற்கு ஒரு விலை கொடுக்கிறது.

அந்த விலை எப்படிக் கொடுக்கப்படுகிறது? மூளையின் அடிப்பகுதியில் இருக்கும் ஹைப்போதலாமஸ் ஆபத்தை உணர்ந்ததும் பிட்யூட்டரிக்கு ஆணை அனுப்புகிறது. பிட்யூட்டரி, சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகளை எழுப்புகிறது. கார்டிசால் இரத்தத்தில் கலக்கிறது. சர்க்கரை கூடுகிறது, உடல் விழித்துக்கொள்கிறது. பாம்பைக் கண்டு ஓட இந்த ஏற்பாடு அருமையானது. மாதக்கணக்கில் அணையாமல் எரிந்தால் தூக்கம் கெடும், இரத்த அழுத்தம் ஏறும், நோய் எதிர்ப்பு தளரும்.

ஆனால் ஹோம்ஸ், ராஹே பட்டியலில் ஒரு குறை இருந்தது. பிற்கால ஆய்வுகளில் மதிப்பெண்ணுக்கும் நோய்க்கும் தொடர்பு தெரிந்தது, ஆனால் மெல்லிய தொடர்பு. ஒரே இழப்பு ஒருவரைப் படுக்கையில் தள்ளியது. இன்னொருவரை அசைத்ததோடு விட்டது. 1978-இல் லண்டனின் கேம்பர்வெல் பகுதிப் பெண்களைப் பற்றிய ஆய்வில் ஜார்ஜ் பிரவுனும் டிரில் ஹாரிஸும் அந்த வேறுபாட்டுக்கு ஒரு முக்கியக் காரணத்தைக் காட்டினார்கள். மனசு விட்டுப் பேச நெருக்கமான ஒருவர் இருந்த பெண்கள், அதே அளவு அடி பட்டும் மனச்சோர்வில் விழுவது வெகுவாகக் குறைந்திருந்தது.

2006-இல் ஜேம்ஸ் கோன் குழுவினர் இதை மூளைக்குள்ளேயே பார்த்தார்கள். மணமான 16 பெண்கள் எம்.ஆர்.ஐ. குழாய்க்குள் படுத்திருக்க, லேசான மின் அதிர்ச்சி வரலாம் என்று திரையில் எச்சரிக்கை காட்டப்பட்டது. சிலமுறை தனியாக, சிலமுறை முகம் தெரியாத ஒருவரின் கையைப் பிடித்தபடி, சிலமுறை கணவரின் கையைப் பிடித்தபடி. தனியாக இருந்தபோது ஆபத்தைக் கையாளும் மூளைப் பகுதிகள் பரபரத்தன. அன்னியரின் கை அதைக் கொஞ்சம் தணித்தது. கணவரின் கை மிகுதியாகத் தணித்தது. இல்லறம் இணக்கமாக இருந்தவர்களுக்கு ஹைப்போதலாமஸின் பரபரப்பும் இறங்கியது. முதல் கேள்விக்கு விடை இது: துணை இருந்தால், ஆபத்தைச் சமாளிக்க மூளை தன் கையிலிருந்து செலவழிப்பது குறைகிறது.

பிரசவ அறையில் ஒரு பெண்

யார் நின்றால் உதவும் என்ற இரண்டாவது கேள்விக்குத் தெளிவான வெளிச்சம் பிரசவ அறையிலிருந்து வந்தது. 1980-இல் குவாத்தமாலாவின் ஓர் அரசு மருத்துவமனையில், தனியாக அனுமதிக்கப்பட்ட கர்ப்பிணிகளில் ஒரு பிரிவினருக்கு மட்டும் ஒரு பெண்ணைக் கூட உட்கார வைத்தார்கள். அவர் மருத்துவப் பயிற்சி இல்லாதவர், முன்பின் அறிமுகமும் இல்லாதவர். முதுகைத் தடவிக் கொடுத்தார், கையைப் பிடித்துக்கொண்டார், பேசினார். அவ்வளவுதான். சிக்கலின்றிப் பெற்றவர்களில், துணை இல்லாதவர்களுக்குச் சராசரியாக 19.3 மணி நேரம் பிடித்த பிரசவம், துணை இருந்தவர்களுக்கு 8.8 மணி நேரத்தில் முடிந்தது. பயம் கூடினால் அட்ரினலின் கூடுகிறது, அது கர்ப்பப்பையின் சுருக்கத்தைத் தளர்த்திவிடுகிறது என்பது இதற்குச் சொல்லப்படும் விளக்கம்.

இவ்வளவு பெரிய வித்தியாசம் பிறகு வந்த ஆய்வுகளில் கிடைக்கவில்லை. ஆனால் திசை மாறவில்லை. 2017-இல் 17 நாடுகளின் 26 ஆய்வுகளை, 15,000-க்கும் மேற்பட்ட பெண்களின் விவரங்களை, ஒன்றாகத் தொகுத்துப் பார்த்தபோது, தொடர்ந்து துணை இருந்தவர்களுக்குச் சுகப்பிரசவம் கூடியிருந்தது, சிசேரியன் குறைந்திருந்தது, பிரசவ நேரமும் சுருங்கியிருந்தது. தமிழ்நாட்டின் அரசு மருத்துவமனைகளில் பிரசவத்தின்போது உறவுப்பெண் ஒருவரை உடன் இருக்க அனுமதிக்கும் ஏற்பாட்டின் பின்னால் இருக்கும் அறிவியல் இதுதான்.

இங்கே வளைகாப்பை நினைத்துப் பாருங்கள். ஏழாம் மாதமோ ஒன்பதாம் மாதமோ, கர்ப்பிணியைப் பலகையில் உட்கார வைத்து, பிள்ளை பெற்ற பெண்கள் ஒவ்வொருவராக வந்து சந்தனம் பூசி வளையல் அடுக்குகிறார்கள். ‘நான் இந்த ஆற்றைக் கடந்தேன், நீயும் கடப்பாய்’ என்று அந்தக் கைகள் சொல்கின்றன. 1987-இல் ஜேம்ஸ் கியூலிக், ஹைக்கே மாலர் இருவரும் செய்த ஆய்வு இதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. இதய பைபாஸ் அறுவைக்குக் காத்திருந்தவர்களில் சிலருக்கு, அறுவை ஏற்கெனவே முடிந்தவர் அறைத்தோழராக அமைந்தார். சிலருக்கு, தங்களைப் போலவே காத்திருந்தவர் அமைந்தார். முதல் பிரிவினரின் பதற்றம் குறைவாக இருந்தது. அறுவைக்குப் பின் அவர்கள் அதிகம் நடந்தார்கள், சீக்கிரம் வீடு திரும்பினார்கள். தையல் போட்ட நெஞ்சோடு பக்கத்துக் கட்டிலில் ஒருவர் எழுந்து உட்கார்ந்து காப்பி குடிப்பதைப் பார்ப்பதே ஒரு தைரியம்.

ஆக, கூட நிற்பவர் எவராக இருந்தாலும் உதவி உண்டு. அதே கரையில் சற்று முன்னால் ஏறியவராக இருந்தால் அது தனி பலம்.

நம் சடங்கு ஓர் இடத்தில் தவறியது. கணவரை இழந்தவரையும் பிள்ளை பெறாதவரையும் வளையல் போட விடாமல் ஒதுக்கியது. துணை தருவதற்காகவே கூடிய இடத்தில், துணை மிக வேண்டியவரை வாசலில் நிறுத்தியது கொடுமை. அங்கன்வாடிகளின் வழியாக அரசு நடத்தும் சமுதாய வளைகாப்பில், எல்லா சாதிப் பெண்களும் வரிசையாக உட்கார்ந்து வளையல் போட்டுக்கொண்டு கலவை சாதம் சாப்பிடும்போது, பழைய சடங்கின் நல்ல பகுதி பிழைத்துக்கொள்கிறது. கிராமத்துப் பாட்டி இல்லாத வாடகை வீட்டுப் பெண்ணுக்கு அங்கே அங்கன்வாடி அக்கா கிடைக்கிறார்.

வா என்று கூப்பிடுபவர்

பிறந்த பிள்ளையின் வளர்ச்சியைத் தமிழ் பார்த்த விதத்திலும் ஒரு நுட்பம் இருக்கிறது. பிள்ளைத்தமிழ் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பிரிக்கிறது. ஐந்தாம் மாதம் தலையைத் தூக்கி, கையூன்றி ஆடும் செங்கீரை. ஒன்பதாம் மாதம் கை தட்டும் சப்பாணி. ஓராண்டை ஒட்டி முத்தம், தளர்நடை போடும் வருகை. பிறகு நிலாவை அழைக்கும் அம்புலி. இன்று மருத்துவர்கள் வைத்திருக்கும் வளர்ச்சி அட்டவணையோடு இவற்றில் பல நெருங்கி வருகின்றன.

பெயர்களைக் கவனியுங்கள். முத்தம் என்றால் கேட்பவர் ஒருவர் வேண்டும். வருகை என்றால் ‘வா’ என்று கை நீட்டுபவர் வேண்டும். எதிரே ஒருவர் இல்லாத பருவம் அந்தப் பட்டியலில் அரிது. ரஷ்ய உளவியலாளர் லெவ் வைகாட்ஸ்கி 1930-களில் சொன்னதும் இதுவே: குழந்தையால் இன்று தனியாகச் செய்ய முடியாததை, தெரிந்த ஒருவரின் துணையோடு செய்ய முடியும், இன்று துணையோடு செய்ததை நாளை தனியாகச் செய்யும். தூக்கிக்கொண்டு போகிறவரிடம் குழந்தை நடை கற்பதில்லை. இரண்டடி தள்ளி நின்று கூப்பிடுகிறவரிடம்தான் கற்கிறது.

அந்த இரண்டடி பள்ளிக்கூட வயதிலும் தேவை. பிளஸ் டூ முடிவு வரும் நாளில் 17 வயதுப் பிள்ளைக்கு அது ஒரு தேர்வின் முடிவாகத் தெரியாது, வாழ்க்கையின் முடிவாகத் தெரியும். உணர்ச்சியைத் தூண்டும் மூளைப் பகுதிகள் அந்த வயதில் முழு வேகத்தில் ஓடுகின்றன; தொலைநோக்கோடு நிதானிக்க வைக்கும் முன்மூளை இருபதுகளின் நடுவரை முதிர்ந்துகொண்டே இருக்கிறது. தோற்றவர்கள் ஓராண்டு காத்திராமல் உடனே மறுதேர்வு எழுதலாம் என்ற ஏற்பாடு தமிழ்நாட்டில் வந்தது அதனால் பேருதவி. சென்னையில் 1986-இல் டாக்டர் லட்சுமி விஜயகுமார் தொடங்கிய தற்கொலைத் தடுப்பு அமைப்பான ஸ்நேகா அதற்காகக் குரல் கொடுத்தது. வீட்டில் செய்யக்கூடியது இன்னொன்று: அதே பாடத்தில் தோற்று, மறுபடி எழுதி, இன்று வேலையில் இருக்கும் ஓர் அண்ணனை அன்று மாலை வீட்டுக்குக் கூப்பிடுவது.

ஷிப்டு இல்லாத முதல் காலை

இந்த ஊர்களில் பணி ஓய்வு என்பது தெருவே பார்க்கும் நிகழ்ச்சி. கடைசி நாளன்று மாலையும் சால்வையுமாக, சக தொழிலாளர்கள் வேன் பிடித்து வீடுவரை வந்து விட்டுவிட்டு, காப்பி பலகாரம் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். மறுநாள் காலை ஐந்து மணிக்குக் கண் விழித்துவிடும். போக இடம் இருக்காது.

1930-களின் தொடக்கத்தில் ஆஸ்திரியாவில் மரியந்தால் என்ற ஆலைக் கிராமத்தில் நெசவாலை மூடப்பட்டு ஊரே வேலையிழந்தது. மரி யஹோதா உள்ளிட்ட ஆய்வாளர்கள் அங்கே போய், ஜன்னலோரம் கடிகாரத்தோடு உட்கார்ந்து தெருவைக் கவனித்தார்கள். கையில் நேரம் குவிந்திருந்த ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், அடிக்கடி நின்றார்கள். நூலகக் கட்டணத்தை எடுத்துவிட்ட பிறகும் படிப்பவர்கள் குறைந்தார்கள். பெண்கள் வேகமாக நடந்தார்கள். அவர்களுக்கு வீட்டு வேலை தீரவில்லை. இதிலிருந்து யஹோதா பிற்பாடு ஒரு கருத்தை உருவாக்கினார்: வேலை சம்பளத்தோடு இன்னும் ஐந்தைத் தருகிறது. நாளுக்கு ஓர் ஒழுங்கு, வீட்டுக்கு வெளியே மனிதர்கள், எல்லோரோடும் சேர்ந்த ஒரு நோக்கம், சமூகத்தில் ஒரு பெயர், கைகளுக்கு இயக்கம்.

பி.எஃப்., கிராஜுவிட்டி, பென்ஷன் எல்லாம் சம்பளத்தின் இடத்தை ஓரளவு நிரப்பும். மற்ற ஐந்தையும் யார் நிரப்புவது? பெரும்பாலும் போன வருஷம் ஓய்வு பெற்றவர்தான். அவர்தான் வந்து, ‘ஆறு மணிக்குப் பருத்திப்பட்டு ஏரிக்கரைக்கு வந்துடுங்க, நாங்க நாலு பேர் நடக்கிறோம்’ என்கிறார். அவர்தான் வாழ்நாள் சான்றிதழ் கொடுக்கும் மாதத்தை நினைவூட்டுகிறார். ஆவடியின் அந்த ஏரி 2019-இல் சீரமைக்கப்பட்டுப் பூங்காவானது. காலையில் அங்கே நடப்பவர்கள் இதயத்துக்காக நடப்பதாகச் சொல்வார்கள். இழந்த ஐந்தில் மூன்றையாவது அந்த ஒரு மணி நேரம் திருப்பித் தருகிறது.

பதினாறும் அதற்குப் பிறகும்

மூன்றாவது கேள்வி, எத்தனை நாள் என்பது. அதற்கு விடை துக்க வீட்டில் இருக்கிறது.

1969-இல் காலின் மரே பார்க்ஸ் குழுவினர் பிரிட்டனில், மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களின் கணக்கை எடுத்தார்கள். முதல் ஆறு மாதத்தில் 213 பேர் இறந்திருந்தார்கள். அதே வயதுள்ள, மனைவி உயிரோடிருக்கும் ஆண்களைவிட இது 40 சதவீதம் அதிகம். பிறகு அந்த வேறுபாடு மெல்லக் குறைந்தது.

முதல் ஆறு மாதம். நம் வழக்கத்தில் உறவு திரண்டு நிற்பது காரியம் முடியும் பதினாறாம் நாள்வரை. அந்த நாள்களில் வீடு கொள்ளாது. அடுப்பு பார்க்க ஆள் உண்டு, அழுவதற்குத் தோள் உண்டு. பதினேழாம் நாள் பந்தல் நாற்காலி வேனில் ஏறுகிறது, உறவு பஸ் ஏறுகிறது. தட்டில் சோறு போட்டுத் தானே சாப்பிட்டுப் பழகாத ஒரு பெரியவர் கூடத்தில் தனியாக உட்கார்ந்திருக்கிறார். ஆறு மாதத்தில் ஐந்தரை மாதம் இன்னும் மிச்சம்.

அதற்காக எல்லோரையும் நோயாளியாக நடத்தவும் வேண்டாம். துக்கம் ஐந்து படிகளில் இறங்கும் என்ற கருத்து பரவலாகிவிட்டது. எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் அதை எழுதியது, இறந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்து. துக்கப்படுகிறவர்கள் அந்த வரிசையில் நடப்பதில்லை. ஜார்ஜ் பொனானோவின் ஆய்வில், துணையை இழந்த முதியவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அழுதபடியே தங்கள் அன்றாடத்தையும் நடத்திக்கொண்டுபோனார்கள். அழாதவரை ‘அழுதுடுப்பா’ என்று பிடித்து உலுக்க வேண்டியதில்லை. பேரதிர்ச்சிக்கு உள்ளானவரை உடனே உட்கார வைத்து நடந்ததையெல்லாம் சொல்லச் சொல்வதும், ஆய்வுகளில் பயன் தரவில்லை. சிலருக்குக் கெடுதலாகவும் முடிந்தது.

பிறகு எப்படி உதவுவது? 2000-இல் நியால் போல்ஜர் குழுவினர், நியூயார்க்கில் வழக்கறிஞர் தேர்வுக்குப் படித்தவர்களையும் அவர்களுடைய துணைவர்களையும் தனித்தனியே நாள்குறிப்பு எழுத வைத்தார்கள். துணைவர் உதவியதாக எழுதி, படித்தவர் அதைக் கவனிக்காத நாள்களில்தான் உதவி நன்றாக வேலை செய்தது. உதவி வெளிப்படையாகத் தெரியும்போது, ‘நான் தாங்க முடியாதவன்’ என்ற எண்ணமும் கூடவே வந்துவிடுகிறது. எதிர்வீட்டு அக்கா, ‘இன்னிக்கு சாம்பார் கொஞ்சம் ஜாஸ்தியாயிடுச்சு’ என்று கிண்ணத்தை நீட்டும்போது செய்வது இதைத்தான். சாம்பார் ஜாஸ்தியானதில்லை என்று இரண்டு பேருக்கும் தெரியும். கேட்காமலே கொடுத்தார், வாங்கியவர் தலைகுனியவில்லை.

எத்தனை நாள், எந்த இடைவெளியில் என்பதற்கு நம் சென்னையே ஒரு விடை தந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாட்டு ஊர்களில் ஓர் ஆய்வு நடத்தியது. 2008-இல் முடிவு வெளியானது. தற்கொலைக்கு முயன்று மருத்துவமனைக்கு வந்து பிழைத்த 1,867 பேர். பாதிப்பேருக்கு வழக்கமான சிகிச்சை. மீதிப்பேருக்கு அதோடு ஒரு மணி நேர உரையாடலும், வீடு திரும்பிய பிறகு ஒன்பது முறை போனோ நேரில் பார்ப்பதோ. ஒன்று, இரண்டு, நான்கு, ஏழு, பதினொன்றாம் வாரங்களில். பிறகு நான்கு, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டாம் மாதங்களில். ‘எப்படி இருக்கீங்க?’ என்று விசாரிப்பதுதான் சாரம். பதினெட்டு மாத முடிவில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். தொடர்பில் வைத்திருக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

முதலில் நெருக்கமாக, போகப் போக விலகி, ஆனால் அறுந்துபோகாமல். மாசியமும் வருஷத் திதியும் வைத்த நம் முன்னோர்கள் இந்த இடைவெளியை உணர்ந்திருந்தார்கள். சடங்கைச் செய்துவிட்டு மனிதரை விசாரிக்க மறந்தவர்கள் நாம்.

சொல்லிக்கொள்ள ஒருவரும் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அம்பத்தூருக்குப் பக்கத்தில் முகப்பேரில் இயங்கும் ‘தி பேன்யன்’ அமைப்பை, தெருவில் கைவிடப்பட்டு மனநோயோடு அலைந்த பெண்களுக்காக வந்தனா கோபிகுமாரும் வைஷ்ணவி ஜெயகுமாரும் 1993-இல் தொடங்கினார்கள். குணமான பிறகும் திரும்பிப்போக வீடில்லாத பெண்கள், நான்கைந்து பேராகச் சாதாரணத் தெருக்களில் வாடகை வீட்டில் ஒரு குடும்பம்போல வாழும் ஏற்பாட்டையும் செய்தார்கள். கடைக்குப் போவதும், சமைப்பதும், பக்கத்து வீட்டாரோடு பேசுவதும் அங்கே மருந்தோடு சேர்ந்த மருத்துவம்.

ஜிம்பாப்வேயில் மனநல மருத்துவர்கள் கைவிரல் விட்டு எண்ணும் அளவே இருந்தபோது, டிக்சன் சிபண்டா 2006-இல் ஹராரே நகரின் ஒரு பகுதியில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்து மரத்தடி பெஞ்சில் உட்கார வைத்தார். மனச்சோர்வோடு வந்தவர்களிடம் பேசி, பிரச்சினையை ஒவ்வொன்றாக அவிழ்க்க உதவுவது அவர்கள் வேலை. 2016-இல் 573 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு: ஆறு மாதம் கழித்து, வழக்கமான கவனிப்பு பெற்றவர்களில் பாதிப்பேருக்கு மனச்சோர்வு நீடித்தது, பாட்டியோடு பேசியவர்களில் நூற்றுக்குப் பதினான்கு பேருக்கு மட்டுமே. வேப்பமரமும் பெஞ்சும் பாட்டியும் நம் தெருக்களிலும் இருக்கிறார்கள்.

மருத்துவம் வேண்டிய இடத்தில் தெருத் துணை போதாது. இரண்டு வாரம் தாண்டியும் தூக்கமோ சாப்பாடோ சரியாக இல்லை, வாழப் பிடிக்கவில்லை என்ற பேச்சு வருகிறது என்றால் தாமதிக்காமல் மருத்துவரிடம் கூட்டிப்போக வேண்டும். 104, 14416 என்ற எண்களில் எந்நேரமும் பேசலாம். அங்கே போகும்வரை கூட வருபவர் ஒருவர் வேண்டும்; அதுவும் துணைதான்.

உங்கள் வீட்டுச் சுவரில் நாள்காட்டி ஒன்று தொங்கும். இந்த மாதம் உங்கள் தெருவில் யாரோ ஒருவர் மனைவியையோ கணவரையோ இழந்திருப்பார், ஓய்வு பெற்றிருப்பார், குழந்தை பெற்று வந்திருப்பார். அவற்றில் நீங்கள் ஏற்கெனவே கடந்த ஆறு எது என்று பாருங்கள். முதல் வாரத்தில் ஒரு நாள், இரண்டாவதில் ஒரு நாள், நான்காவது, ஏழாவது, பதினொன்று. பிறகு நான்காம் மாதம், ஆறாம் மாதம், வருஷம், ஒன்றரை வருஷம். அந்த ஒன்பது தாள்களிலும் அந்த ஒருவர் பெயரை எழுதி வையுங்கள். போகும்போது கிண்ணத்தில் கொஞ்சம் சாம்பார் எடுத்துப் போங்கள்.